எனக்கும் மணந்தது

சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். சுவிஸ்காரி. படியில் கண்டால் வணக்கம் சொல்வார், அதற்கு மேல் கதையில்லை. குளியலறைக் காற்றுத் துவாரம் வழியாக அவர் எங்களுக்கு நச்சுப் புகை அனுப்புகிறார் என்று கண்டுபிடித்தவர் என் கணவர்.

அவர் இருபது வருடமாக ஒரே தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுபவர். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. அப்படிப்பட்டவர் சொன்னபடியால் நானும் துவாரத்தடியில் நின்று மணந்து பார்த்தேன்.

“மணக்குதோ?”

“இல்லையப்பா.”

“வடிவா மணந்து பாரும்.”

நாலாம் நாள் எனக்கும் மணந்தது. கருகின பிளாஸ்டிக் மணம். தலையிடியும் வந்தது. அதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருவருமாகத் துவாரத்தை டேப் ஒட்டி அடைத்தோம்.

கட்டட நிர்வாகம் ஓர் ஆளை அனுப்பியது. அவர் உள்ளே பார்த்துவிட்டு, தூசி மட்டுந்தான் இருக்கிறது என்றார். “அவனும் அவளின்ரை ஆள்” என்றார் கணவர். எனக்கு அது நியாயமாகப்பட்டது. சூரிச்சில் படிக்கும் மகள் வந்து, “எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, அம்மா” என்றாள். பிள்ளைக்குத் தடிமன், மூக்கடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை கணவர் மேலே போய், புகை இயந்திரத்தைக் காட்டும்வரை போகமாட்டேன் என்று ஆசிரியையின் வாசலில் நின்றுவிட்டார். பொலிஸ் வந்தது. அங்கிருந்து மனநல மருத்துவமனை.

அங்கே ஒரு பெண் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். டொய்ச் மொழியில் அந்த வருத்தத்துக்கு ‘வான்’ என்று பெயர். ஆளேற்றும் வான் வண்டியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “மற்ற எல்லாவற்றிலும் அவர் தெளிவாக இருக்கிறார். இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் எந்த ஆதாரமும் அசைக்காது” என்றார். பிறகு, “உங்களுக்கும் மணக்கிறதா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். நெருங்கி வாழ்பவர்களுக்கு அது தொற்றுவதுண்டு, தனியாக இருக்கும்போது கவனித்துப் பாருங்கள் என்றார்.

முதல் கிழமை ஏழு நாளும் மணந்தது. இரண்டாம் கிழமை காலையில் மட்டும். மூன்றாம் கிழமை மீன்குழம்பு வைத்தேன். வீட்டில் மீன் மட்டுந்தான் மணந்தது. டேப்பை உரித்தேன். வெட்கமாக இருந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டு வந்ததுபோலவும் இருந்தது.

மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். தன்னுடைய குளியலறைக் காற்றாடியின் சத்தம் எங்களுக்குத் தொந்தரவோ என்று நினைத்து, மாதக்கணக்காக அதைப் போடவேயில்லை என்றார்.

கணவர் மருந்துக் குளிசைகளோடு வீட்டுக்கு வந்தார். வேலைக்கும் போகத் தொடங்கினார். மேலே போவதில்லை. ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம் என்று டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறை வாசலில் நின்று கேட்டார்:

“இண்டைக்குக் கொஞ்சம் மணக்குது. உமக்கு?”

“எனக்கு மணக்கேல்லை. உங்களுக்குத் தலையிடிக்குதோ?”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இரக்கந்தான்.

“உமக்குப் பழகிப்போட்டுது” என்றார். பிறகு போய் எனக்காக ஜன்னலைத் திறந்துவிட்டார்.