பீரோவில் பூட்டிய சுருட்டுப் பெட்டி

வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன், தான் வாங்கி வந்த சுருட்டுப் பெட்டியைத் திறந்ததும், ஆம்பூரில் அப்பாவின் தோல் கிடங்கே எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒருவர் அப்பாவுக்கு இப்படியொரு பெட்டியைக் கொடுத்து, பத்திரமாக வைத்தால் வருஷம் ஆக ஆக ருசி கூடும் என்றார். கெடாமல் வைக்க அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பச்சைத் தோலுக்குப் போடுவதுபோலக் கல்லுப்பை அள்ளித் தூவி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

சில வருஷங்கள் கழித்து அதே இத்தாலிக்காரர் விருந்துக்கு வந்தார். பிரியாணி முடிந்ததும் அப்பா பெருமையாக ஒரு சுருட்டை நீட்டினார். வாயில் வைத்தவர் முகம் கோணி, உதட்டை நக்கிக்கொண்டே சிரித்தார்.

அம்மா விடவில்லை. "பிரியாணில உப்பு கம்மின்னு கத்துனீங்களே, எல்லாத்தயும் இங்க கொட்டிட்டா எப்டி இருக்கும்?"

"கெடாம எப்டிம்மா வைக்கிறது?" என்று இப்போது தன் பெட்டியைக் காட்டிக் கேட்டான் மகன்.

நான் எழுந்துபோய் உப்பு ஜாடியை ஒளித்து வைத்தேன்.