ஃப்ரீசரில் வைத்த மயோனைஸ்

மீனை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மயோனைஸை வைத்து ஃப்ரீசரை மூடியவன் நான். படித்தது வேதியியல். அதையே சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்து, கூச்சமில்லாமல் மாதாமாதம் சம்பளமும் வாங்குகிறேன். இவ்வளவு படித்தவன் இப்படிச் செய்வானா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: படிக்காதவர் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

விஷயம் என் மனைவியின் தம்பியுடையது. சவூதியில் தம்மாமில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், இனி போவதில்லை என்று சொல்லி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஷவர்மா கடை போட்டான். போவதில்லை என்று வாய்தான் சொன்னது. விசாவை அவன் முடித்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் உன் வேலையை வைத்திருக்கிறேன் என்று அங்கே முதலாளி சொல்லியிருந்தார். கடை ஓடினால் இருப்பான், ஓடாவிட்டால் விமானம் ஏறுவான். அவன் மகளுக்கு ஏழு வயது. அவள் அப்பாவை நேரில் பார்த்ததைவிட போன் திரையில் பார்த்ததுதான் ஜாஸ்தி.

கடைக்கு மாஸ்டராக மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். அவரும் வளைகுடாவில் இதே வேலை பார்த்தவர், குறைவாகப் பேசுகிறவர். எல்லாம் தயாராகிற நேரத்தில்தான், பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. மாஸ்டர் கையை விரித்துவிட்டார்.

"முட்டை இல்லாம நான் பண்ணதில்ல பாய். எனக்கு வராது."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றைக்கு மச்சினன் வீட்டில் விருந்துச் சாப்பாடு வேறு, வயிறு நிறைந்திருந்தது. நான் தொடங்கினேன். எண்ணெயும் தண்ணீரும் சேராது, நடுவில் ஒரு தரகர் வேண்டும், முட்டையின் மஞ்சள் கரு செய்வது அந்தத் தரகு வேலைதான், பாலில் இருக்கிற புரதமும் அதைச் செய்யும் என்றேன். பால், பெயிண்ட், பல் விளக்கும் பேஸ்ட், மார்கழியில் புறவழிச் சாலையில் லாரியை மறைக்கிற பனிமூட்டம் எல்லாமே கூழ்மங்கள்தான், ஒன்றுக்குள் இன்னொன்று கரையாமல் பொடிப்பொடியாக மிதந்துகொண்டிருப்பவை என்றும் சொன்னேன். பனிமூட்டத்துக்கு வந்தபோது மாஸ்டர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

"மயோனைஸ் வருமா வராதா மச்சான், அத மட்டும் சொல்லுங்க" என்றான் மச்சினன்.

"நான் பண்ணித் தரேன் மாப்ள."

வீட்டில் சோதனை செய்தபோது வந்தது. குளிர்ந்த பால் ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, நாலு பல் பூண்டு, சிட்டிகை கடுகுத்தூள். மிக்ஸி ஓட ஓட எண்ணெயை நூல் மாதிரி விட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன். கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை. மனைவி விரலால் தொட்டு நக்கிவிட்டு, "கடையில வாங்குனதாட்டமே இருக்கு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேதியியலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதில்தான் புத்தி கெட்டது என்று நினைக்கிறேன்.

கடை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து திறப்பதாக ஏற்பாடு. வியாழன் மத்தியானம் தொடங்கி மிக்ஸியை ஆற விட்டு ஆற விட்டு ஓட்டி, சாயங்காலத்துக்குள் இரண்டு எவர்சில்வர் தூக்கு நிறைய மயோனைஸ் செய்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மனைவி சொன்னாள்:

"கீழ்த்தட்டுல வைங்க. மேல வஞ்சிரம் இருக்கு."

"கீழ்த்தட்டு குளுரு பத்தாது. நாளைக்கு பஸ்ல போவணும். வெளிய அடிக்கிற வெயில பாத்தியா?"

"கட்டியாயிடாதா?"

"கட்டியானா உருகிட்டுப் போவுது. ஐஸ் உருகுனா திரும்பத் தண்ணிதான?"

அவள் வாணலியை அடுப்பில் ஏற்றினாள். வஞ்சிரம் அன்றைக்கே வறுபட்டது. அந்த வாரம் என்னால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு தூக்கையும் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் வேர்த்துச் சொட்டியது. ஆலப்பாக்கம் தாண்டியபோது கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள என்னா சார், எறாவா?" என்றார். இல்லை, பால்மம் என்றேன். எமல்ஷனைத் தமிழ்வழி வகுப்பில் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

கடையில் தோரணம் கட்டி, கம்பியில் கோழி ஏறியிருந்தது. பதினோரு மணிக்கு ஒரு தூக்கைத் திறந்தோம். மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய். அதன் கீழே கழுநீர் நிறத்தில் தண்ணீர். அடியில் திரிந்த பாலைப் போல் வெள்ளைப் பொருக்கு.

"என்னா மச்சான் இது?" என்றான் மச்சினன்.

"இரு, சரி பண்ணிடலாம்."

தூக்கை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். எண்ணெய் இன்னொரு விரல் ஏறியது. எடுத்து மிக்ஸியில் ஊற்றிப் பெரிய வேகத்தில் சுற்றினேன். சுற்றும்வரை சேர்ந்திருந்தது. நிறுத்தினால் தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாக, என்னைப் பார்த்தபடி நின்றது. அடுத்து உப்பு போட்டேன். ஏன் உப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை போட்டது.

உப்புக் கரண்டியோடு நிற்கும்போதுதான் உறைத்தது. 'பால்மத்தைச் சிதைக்கும் முறைகள் யாவை?' ஐந்து மதிப்பெண் வினா. உறைய வைத்தல், சூடாக்குதல், வேகமாகச் சுழற்றுதல், மின்பகுளி சேர்த்தல், கரைப்பான் சேர்த்தல். வீட்டு உப்பும் ஒரு மின்பகுளிதான். பையன்களை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்ன பதிலை, வியாழன் சாயங்காலத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்திருக்கிறேன். உறையும்போது தண்ணீர் ஊசி ஊசியாகப் படிகமாகி எண்ணெய்த் துளிகளின் உறையைக் குத்திக் கிழித்துவிடும், உருகினால் பழையபடி ஒட்டாது என்று படம் போட்டு விளக்கியவனும் நான்தான். ஐந்தாவது முறைக்குக் கடையில் கரைப்பான் இல்லாததால் நாலோடு நின்றது.

மச்சினன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து போன் திரையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மொத நாள் வாயில வச்சவன் என்னா சொல்றானோ அதான் கட, மச்சான். ரெண்டாவது நாள்னு ஒண்ணு கெடையாது. மயோனைஸ் இல்லன்னா இது ரொட்டிக்குள்ள கோழி, அவ்ளோதான். அதுக்கு எவன் வருவான்?"

பனிமூட்டம் வரைக்கும் போன வாயோடு, உப்புக் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

அதுவரை கோழியைத் திருப்பிக்கொண்டிருந்த மாஸ்டர் வந்து, நான் கை வைக்காத இரண்டாவது தூக்கைத் திறந்து பார்த்தார். அதுவும் பிரிந்துதான் இருந்தது. ஆனால் வெந்நீரும் உப்பும் படாதது. விரலால் தொட்டு வாயில் வைத்தார்.

"ருசி கெடல. முட்டையில பண்றது ஒடஞ்சா நாங்க அங்க கொட்ட மாட்டோம் சார். புதுசா ஒரு முட்டைய அடிச்சிக்கிட்டு, ஒடஞ்சத எண்ணெ ஊத்தற மாரி கொஞ்சங்கொஞ்சமா அதுல ஊத்துவோம். சேந்துக்கும்."

"முட்டைக்கு பதிலா பால வச்சா?"

"அது உங்க பாடம். எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய தரகர் ஓடிவிட்டால் புதிய தரகரைப் போட்டு, சரக்கை அவர் கையில் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டியதுதான். எதிர்க்கடையில் சில்லென்று இரண்டு பாக்கெட் பால் வாங்கி ஓடிவந்தேன். கழுவிய ஜாரில் கொஞ்சம் பால். மாஸ்டர் கரண்டி கரண்டியாக ஊற்றினார். என்னை ஸ்விட்சைப் பிடிக்க மட்டும் விட்டார்கள். நாலு கரண்டிவரை சளசளவென்றே இருந்தது. மச்சினன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றான். ஏழோ எட்டோ கரண்டி போனபோது மிக்ஸியின் சத்தம் மாறியது. அதுவரை கிரீச்சென்று ஓடியது, கனத்த குரலில் முக்க ஆரம்பித்தது. மாஸ்டர் நிறுத்தச் சொல்லிக் கரண்டியைக் கவிழ்த்தார். விழவில்லை.

"இன்னும் ஊத்துங்க மாஸ்டர்" என்றான் மச்சினன்.

ஜும்ஆவுக்கு முன்னால் அந்தத் தூக்கு முழுவதும் தேறிவிட்டது. நான் ஐந்துக்கு நாலு மதிப்பெண் வாங்கிய முதல் தூக்கைக் கொட்டினோம். துஆ ஓதி, கடை திறந்தது. பாதி மயோனைஸ்தான் என்பதால் மாஸ்டர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர் போல ஒரே இழுப்பாக இழுத்துத் தடவினார். "மயோனைஸ் கம்மியா இருக்கே பாய்" என்று ஒருவர் கேட்க, "இது ஹெல்த்தி பாய்" என்றான் மச்சினன், முகம் மாறாமல். கேட்டவர் அதைத் தின்று முடித்துவிட்டு வீட்டுக்கு மூன்று கட்டச் சொன்னார். சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குள் கம்பியில் கோழி தீர்ந்துவிட்டது. என் மனைவி மச்சினனின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை கல்லாப் பக்கத்து நாற்காலியில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

மச்சினன் டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் என் வாய் மறுபடி திறந்தது.

"அப்ப இங்கயே இருந்துடு மாப்ள. நாளைக்கும் நானே பண்ணி எடுத்தாந்துடறேன், கீழ்த்தட்டுல வச்சி."

"நீங்க பண்றதா இருந்தா நான் தம்மாமுக்கே போயிடறேன் மச்சான்."