பாடத்துக்குக் கால் மணி நேரம்

எங்கள் வீட்டில் இன்டர்நெட் சும்மா கிடைக்காது. பாடம் செய்தால்தான் கிடைக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அமத்தினால் உயிர் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பாடுபடாமல் கையில் வருகிற எதுவும் நிலைக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

"ஒரு மாம்பழத்துக்கே முருகன் உலகத்தைச் சுத்தினவர்," என்றேன்.

"பிள்ளையார் சுத்தாமலே வாங்கினவர்தானே அப்பா?" என்றான் மகன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. மூத்தவள் பதினொன்று.

அந்தக் கம்ப்யூட்டர் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகம் புதியவை வாங்கியபோது கழித்துவிட்டது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். நானும் கீழ்வீட்டுக்காரரும் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். அதோடு இரண்டு சிடி வந்தது. ஒன்று கணக்கு, மற்றது இங்கிலிஷ். ஒரு பாடத்தில் எல்லா விடையும் சரியென்றால் திரையில் ஒரு யானை வந்து தும்பிக்கையைத் தூக்கும். யானை வந்தால் கால் மணி நேரம் இன்டர்நெட். வராவிட்டால் இல்லை. எனக்கு விளங்கக்கூடிய பரீட்சை அது ஒன்றுதான்.

"அப்பா, ஒரேயொரு பிழை. யானை வரேல்லை, ஆனா வர இருந்தது."

"வர இருந்த யானைக்கு இன்டர்நெட் இல்லை."

"பத்து நிமிஷமாவது தாங்கோவன்."

"இதென்ன, புறக்கோட்டை நடைபாதையோ பேரம் பேச?"

மூத்தவள் பேரம் பேசமாட்டாள். திரும்ப முதலிலிருந்து செய்து யானையை வரவழைத்துவிடுவாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அந்தக் காலத்தில் இன்டர்நெட் டெலிபோன் லைனால்தான் போகும். பிள்ளைகள் அதில் இருக்கிற நேரம் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் எங்கேஜ்ட் சத்தம்தான் கேட்கும். ஆகவே பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் இன்டர்நெட். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை லைன் சும்மா கிடக்க வேண்டும். அது என் தங்கச்சிக்கு. இந்தச் சட்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லும் பொறுப்பை மனைவியிடம் விட்டிருந்தேன்.

தங்கச்சி யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தாள். அம்மா அப்பா போய்விட்டார்கள். எனக்கு அவள், அவளுக்கு நான். சண்டையால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதையை மூடிவிட்டார்கள். கொழும்புக்கு வருவதென்றால் ஆமியிடம் அனுமதி எடுத்து, கப்பலுக்குப் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து, திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அவள் அனுமதி எடுத்துவிட்டாள். கப்பல் நாள் தெரிந்ததும் கொமியூனிகேஷன் கடையிலிருந்து அழைப்பதாகக் கடைசியாகப் பேசும்போது சொன்னாள். அங்கே இரவில் ஊரடங்கு என்பதால் பின்னேரம்தான் அவளால் முடியும். அவள் வீட்டில் போன் இல்லை. நான் அழைக்க வழியில்லை. என்னிடமும் கைத்தொலைபேசி இல்லை, கடையில் முதலாளிக்கு அது பிடிக்காது. அவள் வருகிற நாள் தெரிந்தால்தான் நான் போய் அழைத்துவந்து, பொலிஸில் எங்கள் வீட்டுப் பதிவில் அவள் பெயரையும் போடலாம். பதியாமல் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரை வைத்திருந்தால் அவருக்கும் ஆபத்து, வீட்டுக்காரருக்கும் ஆபத்து.

அப்போது எங்கள் பகுதியில் சிலரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரரை வைத்திருக்கப் பயந்தவர்கள் வராதே என்று வாயால் சொல்லமாட்டார்கள். ரிசீவரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அழைக்கிறவர் நாலைந்து நாள் எங்கேஜ்ட் சத்தத்தைக் கேட்டுவிட்டு, விளங்கிக்கொண்டு, வேறு இடம் பார்ப்பார். அப்படிச் செய்தவர்களைப் பற்றிக் கோயில் வீதியில் நின்று நான் குறையாகக் கதைத்திருக்கிறேன். கூடப் பிறந்ததுக்கு இப்படியும் செய்வார்களா என்று.

என் மனைவி தங்கச்சி வருவதைப் பற்றி ஒரு எதிர்ச்சொல் சொன்னதில்லை. "மச்சாள் வரட்டும், பிள்ளையளுக்கும் துணை," என்றாள். புதிதாக ஒரு பாய், ஒரு தலையணை வாங்கிவைத்தாள். தலையணைக்கு உறையும் தானே தைத்தாள். அவள் அதைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இவளைத் தந்ததற்காக சுவாமிக்கு நன்றி சொன்னேன். பகலில் போனுக்குக் காவல் அவள்தான். நான் வேலை முடிந்து, கோயிலுக்குப் போய்விட்டு வீடு வர எட்டு மணியாகிவிடும்.

வந்ததும் முதற் கேள்வி ஒன்றுதான்.

"தங்கச்சி போன் எடுத்தவளோ?"

"இல்லையப்பா. அங்க லைன் கிடைக்கேல்லைப் போல. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

இப்படியே கிழமைகள் போயின. வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கப்பல் கவிழ்ந்ததாக ஒரு வதந்தி வந்தது. பிறகு அது பொய் என்றார்கள். நான் அந்த இரண்டு நாளும் வாய்க்குள் தேவாரத்தைச் சொல்லிக்கொண்டே துணி வெட்டினேன். ஒரு சாரிக்குப் பிளவுஸ் துண்டு குறைத்து வெட்டி ஏச்சும் வாங்கினேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் பிள்ளைகளின் படிப்பு. இரண்டு பேரும் பாய்ந்து பாய்ந்து பாடம் முடித்தார்கள். மகன் பின்னக் கணக்குக்கு வந்துவிட்டான். மூத்தவள் இங்கிலிஷில் ஏதோ வாசித்துக் காட்டினாள். கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"உங்கட சட்டம்தான் வேலை செய்யுது," என்றாள் மனைவி. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் புறக்கோட்டையில் எங்கேயோ சந்தேகப் பார்சல் கிடக்கிறதென்று பகலோடு கடைகளை மூடச் சொன்னார்கள். சனம் எல்லாம் ஒரேயடியாக பஸ்ஸுக்கு ஓடியது. நேரம் நாலரை இருக்கும். சோதனை கழிய நேரமாகலாம், வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று ஒரு கடையிலிருந்து போன் எடுத்தேன். எங்கேஜ்ட். என் நெஞ்சு துள்ளியது. தங்கச்சிதான், வேறு யார் இந்த நேரத்தில்? கொஞ்சம் விட்டுத் திரும்ப எடுத்தேன். எங்கேஜ்ட். நல்லது, ஆறுதலாகக் கதைக்கட்டும் என்று வைத்துவிட்டேன். கடைக்காரர், "லைன் நா நேத அய்யே?" என்று சிங்களத்தில் கேட்டார், லைன் கிடைக்கவில்லையா என்று. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். காலி வீதியில் பஸ் ஊர்ந்தது. இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். எனக்கு ஒரு அலுப்பும் தெரியவில்லை. எந்தக் கப்பல், எந்த நாள், லீவுக்கு முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. படியேறும்போதே கேட்டேன்.

"தங்கச்சி என்ன சொன்னவள்?"

கம்ப்யூட்டருக்கு முன்னால் மூத்தவள் இருந்தாள். பக்கத்தில் மகன் முறைக்குக் காத்திருந்தான். டெலிபோன் வயர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்தது. மனைவி தட்டில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் தட்டை மேசையில் வைத்தாள். 

"இது இன்டர்நெட் நேரமோ?" என்றேன்.

"ஓம் அப்பா, இப்பதானே எங்களுக்கு," என்றாள் மகள். அவள் முகத்தில் ஒரு ஒளிப்பும் இல்லை. "அம்மா எப்பவும் நாலு மணிக்குத்தான் தாறவ. ஸ்கூலால வந்த உடன பாடம், பிறகு இது. ஆறு மணிக்குப் படிக்க வேணுமாம்."

"எவ்வளவு நாளா?"

"கன நாளா."

"நாங்கள் களவெடுக்கேல்லை," என்றான் மகன். "எல்லாத்துக்கும் யானை வந்தது. அம்மாவைக் கேளுங்கோ."

நான் குசினிக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாதென்று பைப்பைத் திறந்துவிட்டாள். பயந்திருப்பாள், மறுப்பாள், ஏதாவது சாட்டுச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை.

"ஓம், நான்தான்," என்றாள்.

"அவள் எடுத்திருப்பாள்."

"எடுத்திருப்பா."

"தலையணைக்கு உறையெல்லாம் தைச்சீரே."

 அவள் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"முன்வீட்டில ஊரால வந்த மருமோனை வைச்சிருந்து அவையள் பட்டதைக் கண்டனீங்கள்தானே? பதிவெல்லாம் இருந்தது. இருந்தும் பொலிஸ்காரர் வந்து அவனைக் கொண்டுபோனவங்கள். வீட்டுக்காரரையும் சேத்து," என்றாள். "நீங்கள் கோயிலுக்குப் போட்டு விபூதியோட எட்டு மணிக்கு வருவியள். கதவைத் தட்டினா திறக்கிறது நான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களோ? சாமி பாத்துக்கொள்ளும் எண்டு சொல்லியிருப்பீங்கள்." பைப்பை மூடினாள். "வராதேங்கோ எண்டு நான் மச்சாளுக்கு ஒரு சொல் சொல்லேல்லை. பிள்ளையள் உழைச்ச நேரத்தைக் குடுத்தன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற அந்தச் சொல் என்னை அடித்துப் போட்டது. ரிசீவரைக் கழற்றி வைத்திருந்தால்கூடக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்றிருக்கும். இவள் என் சட்டத்தையே எடுத்து, என் பிள்ளைகளின் கையாலேயே, என் தங்கச்சிக்கு வாசலைச் சாத்தியிருக்கிறாள். பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் படித்தார்களோ அவ்வளவு நேரம் அந்த வாசல் பூட்டிக் கிடந்தது. நான் அதைக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த நாள் சுகமில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு நாலு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதற்கு அடுத்த நாளும். மணி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் ஊர்க்காரர் ஒருவர் வேட்டி எடுக்க வந்தார்.

"தங்கச்சி கொட்டாஞ்சேனையில நிக்கிறா போல? போன கிழமைக் கப்பலில எங்களோடதான் வந்தவ," என்றார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதே?" என்றார்.

அன்று கோயிலுக்குப் போகவில்லை. அவரிடம் வீட்டை விசாரித்துக்கொண்டு நேரே கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்த வீடு. அந்த வீட்டம்மா பாதை மூடியபோது யாழ்ப்பாணத்தில் அகப்பட்டு, திரும்பி வரும் கப்பலில் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்து வந்தவர். முன்பின் தெரியாதவர். அவர்தான் கதவைத் திறந்தார்.

தங்கச்சி மெலிந்திருந்தாள். எழுந்து, "வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றாள். உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் வைத்துத் தந்தாள். அவள் எனக்குத் தட்டில் வைத்துத் தேத்தண்ணீர் தந்தது அதுதான் முதல் தரம்.

"எடுத்தனியோ?" என்றேன்.

"எடுத்தனான். அங்கயிருந்து ஒவ்வொரு நாளும். பிறகு திருகோணமலையில பஸ் ஏற முதலும். பிறகு இந்த அக்காதான், எடுத்தது காணும், என்னோட வாரும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவ."

"பிள்ளையள் இன்டர்நெட்டில இருந்திட்டுதுகள். அதுதான் லைன்..."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் அதே நேரத்திலயோ அண்ணை? பாவம், பிள்ளையளைச் சாட்டாதேங்கோ. ரிசீவரைக் கழட்டி வைக்கிறது கொழும்பில வழமை எண்டு எனக்குத் தெரியும். பயம்தானே. நான் குறை நினைக்கேல்லை."

நான் சொன்னது உண்மை. அதில் பாதி. மற்றப் பாதியைச் சொன்னால் இவள் என்னை நம்புவாள். என் மனைவியின் முகத்தில் சாகும்வரை விழிக்கமாட்டாள். அந்தப் பெயர் வாய்வரை வந்தது. நாளைக்கு இவள் ஒரு ஆபத்து அந்தரத்துக்கு எங்கள் படியேற வேண்டி வந்தால் என்ன செய்வாள் என்று நினைத்து விழுங்கினேன்.

"வீட்டை வா. நாளைக்கே பொலிஸில பதிவம்," என்றேன்.

"இங்க பதிஞ்சாச்சு அண்ணை. இவையின்ர பெயருக்குக் கீழ போட்டிருக்கு. இனி மாத்தப் போனா வீண் கேள்வி."

வெளியே வரும்போது வீட்டம்மா என்னோடு வாசல்வரை வந்தார். "தங்கச்சி இங்க சுகமா இருப்பா, நீங்க யோசிக்காதீங்க," என்றார். அவருடைய சுவரில் மாதாவுக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்தது. நான் கும்பிட்டதெல்லாம் இங்கேதான் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். அதற்காகவும் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சோறு போட்டாள். பிள்ளைகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனைக்குப் போனதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மச்சாள் என்னவாம்?" என்றாள்.

"நான்தான் போனைக் கழட்டி வைச்சன் எண்டு நினைக்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உம்மைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். நாளைக்கே நான் போய் மச்சாளோடு கதைக்கிறேன் என்று சொல்லுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் அகப்பையைக் கீழே வைத்து, கண்ணை மூடி, பாரம் இறங்கினவள்போல நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.

போன் விஷயத்தை நான் பிறகு எப்படியோ மன்னித்துவிட்டேன். அவள் பயம் பொய்ப் பயம் இல்லை. அந்த மூச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கும் ஒரு மனதைத் தா என்று சுவாமி முன் நின்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.