நனைத்த கல்

மேக்னசைட் கற்கள் தொட்டித் தண்ணீரில் குமிழ் விட்டுக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் தொட்டியிடம் ஓடினேன்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் எங்கள் உருக்கு வார்ப்பாலை. பஞ்சாலைகளுக்கு கியர் வார்த்தோம். உருகிய இரும்பில் காற்று ஊதி உருக்காக்கும் கன்வெர்ட்டருக்கு உள்ளே சூடு தாங்கக் கட்டும் கல் சுவரை, அதாவது லைனிங்கை, தேர்வு செய்வது என் பொறுப்பு. வந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் கியர் பல் உடைந்தது. பாஸ்பரஸை எடுக்கச் சுண்ணாம்பு போட்டால், மேலே மிதக்கும் அந்தச் சுண்ணாம்புக் கசடு பழைய சிலிக்கா லைனிங்கைக் கரையானாய் அரித்தது. முதலாளியிடம் மல்லுக்கட்டி, அந்தக் கசடு அரிக்காத மேக்னசைட் கல் வரவழைத்தேன். பெட்டிமேல் நனைக்காதே என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

வழக்கமான லைனிங் ஆள் ஆடிப்பூரத் தேருக்குப் போய்விட்டார். முதலாளி மம்சாபுரத்து மாடசாமியை அழைத்துவந்திருந்தார். வீடு கட்டுவதில் கெட்டிக்காரக் கொத்தனார்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"நனைக்காத கல்லு காரைத் தண்ணியக் குடிச்சிரும்ல சார். பொறவு சுவரு நிக்குமா?"

மேக்னசைட் தண்ணீர் குடித்தால் சூட்டில் ஊதி விரிசல் விடும். உருக்கு அந்த விரிசலில் இறங்கினால் எதிரே நிற்பவன் கதி அதோகதிதான்.

முதலாளி அசரவில்லை. "வெயில்ல காயப் போட்டாப் போச்சு. மில்லுக்காரன் வந்து நிக்கப் போறான்யா."

"வேண்டாம் முதலாளி. புதுக் கல்லு வரட்டும்."

"எம்புட்டுக் கல்லைக் கொட்டச் சொல்றீரு? பயமா இருந்தா நீரு ஓரமா நில்லும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சூடு பட்டால் என்ன ஆகும் என்று காட்ட, நனைந்த கல் ஒன்றை எடுத்து, வார்ப்பு அச்சு காயவைக்கும் அடுப்பில் வைத்தேன். அன்று ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை இருவர் முன்னாலும் கல்லை எடுத்தேன். கையோடு புட்டாய் உதிர்ந்தது.

"ஒண்ணு அப்படித்தான் போகும்" என்றார் முதலாளி, குரலில் சுரத்தே இல்லாமல்.

மாடசாமி கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டார். "நான் கட்ட மாட்டேன் முதலாளி. கன்வெர்ட்டர் முன்னாடி நிக்கிறவன் என் தம்பி."

அது முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலாளியே சொல்ல, அன்றே கற்களை வெளியே கொட்டினோம்.

லைனிங் தேர்வு செய்யும் பிள்ளைகளே, எம்புட்டுச் சூடு தாங்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கை அதைக் கட்டப்போகிறது, அந்தக் கையின் பழக்கம் என்ன என்றும் விசாரியுங்கள். அடுத்த லோடு வந்ததும் பெட்டிகளில் தமிழில் எழுதினோம். வாசகத்தை மாடசாமிதான் சொன்னார்: "நனைக்காதே. முன்னாடி நிக்கிறது ஒன் தம்பி."