தெசாங்காவின் சலவை மெஷின்

தெசாங்கா வாக்கப்பட்டு வந்த வீட்டில் ஒன்பது பேர். அத்தனை பேர் துணியும் அவள் தலையில்தான். ஜனவரிக் குளிரில் மொராவா ஆற்றோரத்துப் பனிக்கட்டியை உடைத்துக் கம்பளிச் சட்டைகளை அலசியிருக்கிறாள். விரல் மரத்துப்போய், துணியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. பல வருஷம் கழித்து வீட்டுக்குச் சலவை மெஷின் வந்த அன்று, அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அது சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

புருஷன் ரதிசாவ் தங்கமான மனுஷர். ஆனால் இரண்டு கிளாஸ் பிளம் சாராயம் உள்ளே போனால் பழைய காலம் வெளியே வந்துவிடும். இந்த வருஷம் குடும்பப் புனிதரின் திருநாள் விருந்திலும் ஆரம்பித்தார்.

"அது பொற்காலம்யா! ரொட்டி ரொட்டியா இருந்துச்சு, மனுஷன் மனுஷனா இருந்தான். இப்ப பட்டனை அமுக்குறதெல்லாம் ஒரு பொழப்பா?"

தெசாங்கா கறித்தட்டை நங்கென்று வைத்தாள். "உங்க பொற்காலத்தை உங்களுக்கே தரேன். இந்த வாரத் துணி பூரா நீங்கதான். மெஷினைத் தொடக்கூடாது."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். மனுஷர் வீம்புக்குச் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை முற்றத்தில் மரத்தொட்டியும் கட்டிச் சோப்புமாக உட்கார்ந்தார். மேசை விரிப்பில் கொட்டிய ஒயின் கறை தேய்க்கத் தேய்க்கப் பரவியது. பக்கத்து வீட்டு மிலுன்கா வேலிமேல் எட்டிப் பார்த்தாள்.

"ரதிசாவ் அண்ணே, காலர் அழுக்கு அப்படியே இருக்கு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் துவைங்க!"

சொன்னதோடு நிற்காமல் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டாள். தெசாங்கா காபி போட்டாள். அவரவர் மாமியார் கதை கிளம்பியது. சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

"இடுப்பு போச்சுடி," என்று எழுந்தார் ரதிசாவ்.

"எனக்கு முப்பது வயசுலயே போச்சு," என்றாள் தெசாங்கா.

"அப்ப நான் எங்கடி இருந்தேன்?"

"பொற்காலத்துல இருந்தீங்க."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரதிசாவ் சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு தொட்டியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு போய் மெஷினில் போட்டார். எந்தப் பட்டன் என்று தெரியாமல் விழித்தவருக்கு அவள்தான் காட்டிக் கொடுத்தாள்.

இருவரும் முற்றத்துக்குத் திரும்பி வந்தபோதும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. இப்படி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று தெசாங்காவுக்குத் தோன்றியது. அந்நாளில் ஆற்றங்கரையில் கூடித் துவைத்தபோது இந்தப் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. மெஷின் வந்தபின் அவரவர் கதவு, அவரவர் வீடு. அதற்காக அந்தப் பனித் தண்ணீரில் மறுபடி கை வைப்பாளா என்ன? இன்னொரு கெண்டி காபி போட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்கடி," என்றாள் மிலுன்கா. "துணியெல்லாம் வேணாம், சும்மா வாங்க."

"நானும் வரலாமா?" என்றார் ரதிசாவ்.

"வாங்கண்ணே. காபி நீங்க போடணும்."