மைக்கில் போன மரியாதை

கல்யாணத்துக்கு வந்தவருக்கு மாப்பிள்ளை முகம் மறந்துபோகும், பந்தியில் பப்படம் கிடைக்காமல் போனது மட்டும் சாகிற வரை மறக்காது. அப்படிப்பட்ட தொழில் எங்களுடையது. மண்டபங்களில் சோறு சமைத்து விளம்புகிற கம்பெனியில் நான் வாசல்காரன். சாப்பாட்டு ஹாலின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு பந்தி எழுந்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட்ட பிறகு "விடு!" என்று சத்தம் கொடுத்துக் கூட்டத்தை உள்ளே விடுவேன். அதற்கு முன்னால் கலெக்டர் வந்தாலும் வெளியேதான். எனக்குத் துரோகம் செய்தவர் எங்கள் முதலாளி ராஜமணி. அதுவும் மைக்கில். மேலே இருப்பவர்கள் திட்டம் போட, கீழே உட்கார்ந்து கைதட்டிய எல்லாருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

கடல் பார்த்த லாட்ஜ்

முதலாளியின் மருமகன் பிரவீன் துபாயில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வந்த உடனே, கம்பெனிக்கு ஒரு திட்டம் வேண்டும் என்றான். எங்களை எல்லாம் வேனில் ஏற்றி, முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜுக்குக் கொண்டுபோனார்கள். நான் உட்கார்ந்திருக்க, எனக்கு இன்னொருவன் விளம்பினான்! சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பிரவீன் சுவரில் பெரிய தாளை ஒட்டி, "அஞ்சு வருசத்துல நாம எங்க இருப்போம்?" என்று கேட்டான். நான் கையைத் தூக்கி, "திருவனந்தபுரத்துல!" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் அதைத் தாளில் எழுதியும் வைத்தான்.

கைதட்டல் அடங்கும் முன்னே முதலாளி மைக்கை எடுத்தார். "இனி நம்ம கம்பெனியில எல்லாரும் தலைவர்தான். வாசலுக்குன்னு தனி ஆள் கிடையாது. செல்லையாவுக்கும் வயசாச்சு, அவரால இப்ப முடியல்ல." செல்லையா என்பது நான். 'முடியல்ல' என்ற அந்தச் சொல் இரண்டு ஸ்பீக்கரிலும் முழங்கியது. பக்கத்தில் இருந்த சமையல்காரர் அந்தோணி என் தொடையில் தட்டினார். "விடும் ஓய். அஞ்சு வருசத் திட்டத்துல முதல் அஞ்சு நிமிசத்துலயே உம்ம காரியம் முடிஞ்சாச்சு."

தலைவர்கள் விளம்பிய பந்தி

அடுத்த கல்யாணம் கருங்கல்லில். எங்கள் எல்லார் சட்டையிலும் ஒரு அட்டை தொங்கியது. சாம்பார் தலைவர், அவியல் தலைவர், தண்ணீர்த் தலைவர். நான் பப்படத் தலைவர். போதகர் ஜெபம் முடித்து ஆமென் சொன்னதும் தலைவர்கள் எல்லாரும் களத்தில் இறங்கினோம். சாம்பார் தலைவரிடம் ஒருவர் தண்ணீர் கேட்டார். "அது என் பிரிவு இல்ல" என்று அவன் வாளியோடு போய்விட்டான். தண்ணீர்த் தலைவரோ ஹாலின் அந்தக் கோடியில் அவியல் தலைவரோடு கலந்து பேசிக்கொண்டிருந்தான். பிரிவுகள் கலந்து பேச வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது.

பெரிய கூத்து பிறகுதான். ரசத்துக்குத் தலைவர் போட மறந்துவிட்டார்கள்! ரசம் சமையற்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை. இலையில் சோற்றைக் குழித்து வைத்துக் காத்திருந்த ஒரு பெரியவர் கடைசியில் எழுந்து நின்றார். "ஏலே தலைவன்மாரே, உங்க கட்சியில ஒரு தொண்டனாவது இருந்தா, இந்த இலைக்குக் கொஞ்சம் ரசம் விடச் சொல்லுங்க."

குறை சொல்லும் நேரம்

பிரவீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தப்பு என்று தெரிந்தால் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டான். அட்டைகளை மறுநாளே கழற்றிவிட்டான். அடுத்து ஒன்று கொண்டுவந்தான். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்த பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். யாரும் யாரைப் பற்றியும் குறை சொல்லலாம், முதலாளியே ஆனாலும் கோபப்படக் கூடாது. ஆனால் குறைக்கு முன்னால் ஒரு நல்லது சொல்ல வேண்டும். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது!

முதல் ஆளாக எழுந்தேன். "முதலாளி வேட்டி நல்லா வெளுத்திருக்கு" என்று நல்லதைச் சொல்லி முடித்தேன். பிறகு, "முட்டத்துல மைக்ல சொன்னத மைக்லயே திரும்ப எடுக்கணும்" என்றேன். முதலாளி வேட்டியை இழுத்துச் சரிசெய்தார். அடுத்த கல்யாணத்திலும் சொன்னேன். அதற்கடுத்ததிலும். முதலில் வேட்டி, பிறகு மைக். எனக்கு அலுக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற ஸ்டெல்லாவுக்குத்தான் அலுத்தது. "அண்ணனுக்குக் குறை சொல்ல இந்த வட்டம் காணாது, தனியா ஒரு லாட்ஜ் எடுத்துக் குடுங்க."

மழையும் கதவும்

மண்டைக்காடு பக்கம் ஒரு பெரிய மண்டபம். முதல் பந்தி பாதியில் இருக்கும்போது மழை கொட்டியது பாருங்கள்! முற்றத்தில் நின்ற கூட்டம் மொத்தமும் சாப்பாட்டு ஹாலின் கதவுக்கு வந்துவிட்டது. அட்டை போனாலும் திட்டம் போகவில்லை, அதன்படி வாசலில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். யாராவது நிற்பார் என்று எல்லாரும் நினைத்ததால் யாருமே இல்லை. இரட்டைக் கதவு விரியத் திறந்துகொண்டது. முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நசுங்கினாள், பிள்ளை வீரிட்டது. நான் பப்படக் கூடையோடு நின்றேன். முடியாதவன் என்று மைக்கில் பெயர் வாங்கியவனுக்கு வாசலில் என்ன வேலை?

ஈரக்கையோடு ஸ்டெல்லா ஓடிவந்து வாசல் நடுவில் நின்றாள். "பிள்ளைய வச்சிருக்கவங்க மட்டும் உள்ள வாங்க! மத்தவங்க நின்ன இடத்துல நில்லுங்க! சோறு எங்கயும் ஓடிப்போவாது!" என்ன குரல்! என் குரலைவிட நல்ல குரல் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அந்த நொடியில் குழந்தையும் தாயும் உள்ளே வந்தார்கள். ஸ்டெல்லா ஒரு கதவைத் தள்ளினாள், மற்றது அசையவில்லை. "அண்ணே, பப்படத்துக்கா காவல் நிக்கீங்க? அந்தக் கதவப் பிடிங்க!" கூடை எங்கே விழுந்ததோ, நான் தோளைக் கொடுத்தேன். தள்ளினோம், தள்ளினோம், கதவு மூடிக்கொண்டது! நான் கதவில் சாய்ந்து நின்றேன், அவளுக்குச் சிரிப்பு. அடுத்த இலை போட்டதும் இரண்டு பேரும் சேர்ந்தே "விடு!" என்றோம். கல்யாணப் பெண்ணின் அப்பா நனைந்த பட்டு வேட்டியோடு வந்து எங்கள் கையைப் பிடித்தார். "கல்யாணம் நடந்தது மேடையில இல்ல மக்கா, இந்தக் கதவுல."

காதில் ஒரு வார்த்தை

அன்று வட்டத்தில் முதலாளி தானாகவே எழுந்தார். "இனி வாசலுக்கு ஸ்டெல்லா பொறுப்பு. செல்லையா கூட நிப்பாரு" என்றார். எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன், அவள் அதற்குத் தகுதியானவள். கைதட்டிவிட்டு எனக்கு உரிய வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு வாயை வைத்து, "முடியும் ஓய், உம்மால இப்பவும் முடியும்" என்றார். "அத எல்லாரும் கேக்கச் சொல்லுங்க முதலாளி" என்றேன். "எல்லாம் மனசுல இருக்கு" என்றார். பின் சீட்டில் இருந்து ஸ்டெல்லா: "அப்ப மனசுக்கு ஒரு மைக் வாங்கிக் குடுங்க அண்ணே."

அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் எங்களுக்கு முதல் கல்யாணம், தாளில் எழுதியது நடக்கப்போகிறது, அந்த மண்டபத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் பிரமாதம் என்கிறார்கள், முதலாளிக்கு மட்டும் இன்னும் தொண்டை திறக்கவில்லை.