மானிட்டர் அணைந்திருந்த நான்கு வாரங்கள்

எனக்கு இருபத்தாறு வயதில் பார்வை முழுவதுமாகப் போனது. அதற்கு முன்பு நெல்லித்தோப்பில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் பெயரை எந்த அளவு எழுத்தில் போட்டால் சண்டை வராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விழித்திரை நோய் என்றார்கள். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வந்தது. கடைசி ஓராண்டு யாரிடமும் சொல்லாமல் ஒப்பேற்றினேன். ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரைப் பெண்ணின் அப்பா இடத்தில் போட்டு, அது அச்சாகியும் வந்துவிட்டது. முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போப்பா" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு வருடம் வீட்டில் கிடந்த பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் பழகினேன். அதை வைத்து உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வெப்சைட்டுகளைப் பார்வையில்லாதவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பதுதான் வேலை. மௌஸைத் தொடாமல், விசைப்பலகையும் ஹெட்போனும் மட்டும் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்று பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். மாடியில் ஒரே அறை. பார்வையுள்ள மேனேஜர் மேடம் ஒருவர், என்னைச் சேர்த்து டெஸ்டர்கள் மூன்று பேர்.

ஒருவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஹெட்போனில் ஓடும் குரல் எனக்கு வண்டு பறப்பது போலக் கேட்கும். அந்த வேகத்தில் அவர் ஒரு பக்கத்தையே முடிக்கும்போது நான் இரண்டாவது வரியில் இருப்பேன்.

"எல்லாத்தையும் கேக்காத தம்பி. எத விடலாம்னு கேளு" என்றார் முதல் வாரத்தில். தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலின் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினார். ஒரு மாதத்தில் என் காதும் வண்டைப் பிடித்துவிட்டது.

பதிலுக்கு நான் அவருக்குக் கொடுக்க ஒன்று இருந்தது. ஒருநாள் கேட்டார்: "மெனு வலது பக்க மூலையில இருக்குதுன்னு எழுதுறாங்களே, மூலைன்னா எவ்ளோ தூரம்?" அவர் ஒரு பக்கத்தையும் கண்ணால் கண்டதில்லை. அவருக்கு வெப்சைட் என்பது மேலிருந்து கீழே ஓடும் ஒரு நீண்ட கயிறு. நான் வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீக்குச்சிகளை ஒட்டி ஒரு பக்கத்தைக் கட்டினேன். மேலே பட்டை, இடதுபுறம் மெனு, நடுவில் செய்தி, வலதுபுறம் விளம்பரம். அக்கா விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இவ்ளோதானா? நான் ஒரு ஊரே இருக்கும்னு நெனச்சேன்."

மூன்றாவது ஆள் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். என் வயதுதான். ஊர்ப் பெயரே அவனுக்குப் பெயராகிவிட்டது. பாகூரு என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்குக் கொஞ்சம் பார்வை இருந்தது. எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, மூக்கு திரையில் படுமளவு குனிந்து படிப்பான். நிறம், எழுத்தின் அளவு, உருப்பெருக்கிச் சோதனை எல்லாம் அவன் பொறுப்பு. மாலையில் எங்களைப் பஸ் ஏற்றிவிடுவதும் அவன்தான். "இது விழுப்புரம் வண்டி அக்கா, உங்க வண்டி பின்னால வருது" என்று பலகையைப் படித்துச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அந்த அறையில் நாங்கள் பார்வையில்லாதவர்கள், அவன் பார்வையுள்ளவன். அவனும் அப்படித்தான் நினைத்தான், நாங்களும் அப்படித்தான் நடந்துகொண்டோம்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், ஐரோப்பாவிலிருந்த ஒரு கம்பெனியிலிருந்து புகார் வந்தது. தவறான பாஸ்வேர்டு போட்டால் எந்தச் செய்தியும் வருவதில்லை என்று எங்கள் ரிப்போர்ட் சொல்லியிருந்தது. செய்தி தெளிவாகத் திரையில் வருகிறதே என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட் பாகூர் எழுதியது. மேடம் எங்கள் முன்னால் அவனைக் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன், "அவசரத்துல விட்டுட்டேன்" என்றான். அடுத்த ரிப்போர்ட்டிலும் அதே மாதிரி ஒன்று நடந்தது.

அதற்குள் நான் வேறு சிலவற்றைக் கவனித்திருந்தேன். டீ கிளாஸை மேஜையில் வைக்குமுன் அவன் கை மரத்தைத் தடவும் சத்தம். பஸ் வந்து நின்ற பிறகு, பக்கத்தில் யாராவது ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகே அவன் எங்களுக்குச் சொன்னான். ஒருநாள் மாடி ஏறும்போது எனக்கு முன்னால் அவன் முணுமுணுப்பது கேட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று. டிடிபி கடையின் படிகளை நான் அப்படித்தான் எண்ணி ஏறியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மேடம் வெளியே போயிருந்தபோது கேட்டேன்.

"எத்தினி மாசமா?"

"இன்னா எத்தினி மாசமா?"

"படிய எண்ணிகிட்டு ஏறுற."

அக்காவின் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"எனக்குப் பார்வ இருக்குது. உன்ன மாதிரி இல்ல நான்" என்றான். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான் தப்பான விதத்தில் கேட்டுவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். "கேட்டது தப்பில்ல. கேட்டுட்டு வுட்டுடறதுதான் தப்பு. ஞாயித்துக்கெழம பாகூரு போவலாம்" என்றார்.

நாங்கள் இருவரும் அவன் துணையில்லாமல் அவ்வளவு தூரம் சேர்ந்து போனது அதுதான் முதல் தடவை. அக்காவின் வீட்டில் அவருடைய சொந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார். "கண்ணு தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டுப் போயி அவன்கிட்ட நான் இன்னாத்த சொல்றது?" என்றார் என்னிடம். பஸ் நிலையத்தில் நான்கு பேரைக் கேட்டு வண்டி ஏறினோம். கண்டக்டரிடம் இரண்டு முறை சொல்லிவைத்தும் ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டார். வெயிலில் தார் ரோட்டின் ஓரமாக, ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தோம். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை அவன் வீட்டுத் தெருவில் கொண்டுபோய் விட்டார்.

அவன் அம்மா மோர் கொடுத்தார். அவன் லீவில் இருப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தான் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. நாங்களும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் எங்களை வயலோரத்து மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"தனியாவா வந்தீங்க?" என்றான்.

"ரெண்டு பேரு வந்தா எப்பிடித் தனியாவும்?" என்றார் அக்கா.

அப்புறம் அவனே சொன்னான். "ஆடி மாசத்துலேருந்து. நடுவுல ஒரு பொக மாதிரி. செவப்பு மட்டும் கொஞ்சம் தெரியுது. எழுத்து கலங்கிப்போவுது. டாக்டரு திரும்ப வராதுன்னுட்டாரு. எங்கப்பாவுக்குத் தெரியாது. வேலையும் போயிட்டா இன்னான்னு சொல்லுவேன்?"

எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்கள் ஒன்றும் எனக்கு உதவியதில்லை. அக்காதான் பேசினார்.

"எங்க மேல கோவம் இருந்தா ஆபீசுக்கு வந்து கோவப்படு. இங்க உட்காந்து கோவப்பட்டா எங்களுக்குக் கேக்காது. திங்கக்கெழமலேருந்து உன் மானிட்டர் அணஞ்சிருக்கும். காதால கேட்டுக் கத்துக்க. நாங்க பக்கத்துல இருப்போம்."

அவன் வந்தான். மூவரும் சேர்ந்து மேடத்திடம் போனோம். அவனே தன் வாயால் பார்வையைப் பற்றிச் சொன்னான். மேடம் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் நெருக்கடி இருந்தது. அவனை வேறு வேலைக்கு மாற்ற ஏற்கெனவே யோசித்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் ஆறு வாரம் கேட்டோம். "நாலு வாரம் தரேன். அதுக்கப்புறம் வர்ற ரிப்போர்ட்ல ஒரு தப்பு இருந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

தினமும் மேடம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்தோம். நான் அவனுக்கு விசைகளைச் சொல்லிக்கொடுத்தேன், அக்கா கேட்கச் சொல்லிக்கொடுத்தார். மானிட்டர் அணைந்திருந்தாலும் பழக்கத்தில் அவன் உடம்பு திரையை நோக்கிக் குனியும். அவன் நாற்காலி முன்பக்கம் சாயும்போது கிறீச்சிடும். "நாக்காலி சத்தம் போடுது. பின்னால போ" என்பார் அக்கா, தன் வேலையை நிறுத்தாமலே. முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

இரண்டாவது வாரம் அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினான். "தகர டப்பா பேசுற மாதிரி இருக்குது. மண்டைய ஒடைக்குது. என்னால ஆவாது."

"எனக்கு முப்பது நாள் அப்படித்தான் இருந்துச்சு. உனக்குப் பத்து நாள்தான் ஆயிருக்குது" என்றேன்.

"நீ வேற, நாள் எண்ணிகிட்டு."

ஆனாலும் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினான். அன்று அவன் எல்லா வரியையும் கேட்காமல் தலைப்புக்குத் தலைப்பு தாவப் பழகினான். மூன்றாவது வாரத்தில் நாற்காலி கிறீச்சிடுவது அபூர்வமாகிவிட்டது. நான் முன்பு சிரமப்பட்ட இடங்களில் அவன் சிரமப்படவில்லை. ஆனால் எனக்கு எளிதாக இருந்த படிவங்களில் திரும்பத் திரும்பத் தொலைந்துபோனான். அதற்காக அக்கா ஒரு படிவத்தையே நாற்பது தடவை நிரப்ப வைத்தார்.

நான்காவது வாரக் கடைசியில் வந்தது அதே ஐரோப்பியக் கம்பெனியின் பயணச்சீட்டு வெப்சைட். அதில் 'தொடர்க' என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். பட்டன் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடலாம் என்றேன்.

"இருங்க" என்றான் பாகூர். முதலில் மானிட்டர் இல்லாமல் அழுத்தினான். குரல் பேசவில்லை. பிறகு மானிட்டரைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கம் முழுக்க நகர்த்திக்கொண்டே போனான். "மேல ஏதோ செவப்பா வருது. எழுத்து தெரியல. பட்டன அழுத்துனா வருது, மொதல்ல இல்ல."

அக்கா பக்கத்தின் உச்சிக்குப் போய் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக் கேட்டார். பன்னிரண்டாவது வரியில் இருந்தது: போன் நம்பர் தரவில்லை என்ற செய்தி. ஆக, பட்டன் வேலை செய்தது. தவறு நடந்ததைத் திரை காட்டியது, குரலுக்கு மட்டும் சொல்லவில்லை. நாங்கள் இருவர் மட்டும் இருந்திருந்தால் தப்பாக எழுதி அனுப்பியிருப்போம்.

அவனுக்கு அதை எழுதப் பயம். போன முறையும் இதே மாதிரிச் செய்தி விஷயம்தான். "மறுபடி கண்ணு தெரியாம எழுதிட்டான்னுவாங்க."

"மூணு பேரு பாத்துருக்கோம். மூணு விதமாப் பாத்துருக்கோம். எழுது" என்றார் அக்கா.

எதிர்பார்த்தபடியே அவர்கள் மறுத்தார்கள். மத்தியானம் போனில் கூட்டம் வைத்தார்கள். மேடம் ஸ்பீக்கரைப் போட்டார். அவர்களுடைய புரோகிராமர், செய்தி தன் திரையில் நன்றாகவே வருகிறது, போன முறையும் நீங்கள் இப்படித்தான் சொன்னீர்கள் என்றார். மேடம் பதில் சொல்ல வாயெடுத்தார். பாகூர் முந்திக்கொண்டான். அவனுடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது, குரல் தடுமாறவில்லை.

"போன முறை தப்பு என்னுடையது. இந்த முறை இல்லை. உங்கள் ஸ்கிரீன் ரீடரைப் போடுங்கள். மானிட்டரை அணையுங்கள். போன் நம்பரை விட்டுவிட்டு பட்டனை அழுத்துங்கள். என்ன தவறு என்று எனக்குச் சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு சுவிட்சின் சத்தம். விசைகளின் சத்தம். அந்தப் புரோகிராமர் மறுபடி மறுபடி பட்டனை அழுத்துவது மட்டும் கேட்டது. கடைசியில், "சரி, புரிகிறது" என்றார். அடுத்த வாரமே சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். மூவரும் ஒன்றாகச் சோதித்தோம். பட்டனை அழுத்தியதும் குரல் உடனே சொன்னது. பாகூர் இன்னொரு தடவை அழுத்தினான். மூன்றாவது தடவையும் அழுத்தினான்.

மேடம் அவனை மாற்றவில்லை. பார்வை என்னவோ நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது. அதற்குள் அவன் என்னைவிட வேகமாகக் கேட்கத் தொடங்கிவிட்டான். புதிதாகச் சேர்பவர்களை முதல் மாதம் எங்கள் மூவரோடும் மாறி மாறி உட்கார வைக்க வேண்டும் என்று மேடத்திடம் சொல்லி அதை வழக்கமாக்கியதும் அவன்தான்.

ஆனால் அந்தப் போன் கூட்டம் முடிந்த வாரத்தில் அவனுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அப்பாவிடம் சொல்வதற்கு என்னைக் கூட வரச் சொன்னான். அவர் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மருத்துவர் சொன்னது, ஆடி மாதத்திலிருந்து மறைத்தது, இப்போது எப்படி வேலை செய்கிறான் என்பது. அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சுப்பா."

"வேல போயிடுமா?"

"போவாது."

அவர் என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "நெசமாவா தம்பி?" என்று கேட்டார்.

"நெசம்தாங்க. நானும் அப்படித்தான் வேல பாக்குறேன்" என்றேன்.

அவர் உள்ளே குரல் கொடுத்து, இரண்டு பேருக்கும் இலை போடச் சொன்னார்.